பக்கத்து லாட்ஜில் மாட்டிக்கொண்ட ஜார்க்கண்ட் குடும்பத்துக்குப் பால் வாங்கிக் கொடுப்பது தப்பா?

மல்லிகைப்பந்தல்
2020 ஏப்ரல் 22, இரவு 9:40

வணக்கம். வேலூரில் இருந்து எழுதுகிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் இருக்கும் தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு. தெருப் பெயர் வேண்டாம், ஏற்கெனவே தேவைக்கு மேல் பேச்சு ஆகிவிட்டது.

பக்கத்தில் ஒரு லாட்ஜ். லாட்ஜ் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், குடியிருந்த வீட்டின் மேல் இரண்டு மாடி எடுத்து அறை அறையாகத் தடுத்தது. அறைக்கு ஒரு கட்டில், ஒரு சமையல் மேடை, ஒரு கேஸ் அடுப்பு. வடக்கே இருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் சமைத்துச் சாப்பிட்டுத் தங்குவார்கள். நான் கல்யாணமாகி வந்த நாளில் இருந்து 19 வருடமாகப் பார்க்கிறேன், ஒரு நாள்கூட அந்த லாட்ஜ் காலியாக இருந்ததில்லை.

இப்போது மேல்மாடியில் ஜார்க்கண்டில் இருந்து வந்த ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்பா, அம்மா, பத்து வயசில் ஒரு பெண், ஏழு வயசில் ஒரு பையன். பையனுக்குத் தலசீமியா. கைக்குழந்தையாக இருந்ததில் இருந்து மாதா மாதம் ரத்தம் ஏற்றி வளர்த்த பிள்ளையாம். டிசம்பரில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்தது, மஜ்ஜை கொடுத்தது அந்த அக்காக்காரிதான். மார்ச் மாதம் டாக்டர் ஊருக்குப் போகலாம் என்று சொல்லி, 27ஆம் தேதிக்கு காட்பாடியில் இருந்து டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தார்கள். 22ஆம் தேதி ரயில் நின்றது, 25ஆம் தேதி நாடே பூட்டியாயிற்று. அன்றில் இருந்து அந்த ஒரே அறையில் நாலு பேர்.

முதலில் அந்த அப்பா காலையில் கடைக்குப் போய்ப் பார்த்தார். கடை ஒரு மணி வரைதான், கூட்டமோ கூட்டம், இவருக்குத் தமிழ் வராது. ஒரு கடைக்காரர் உனக்குச் சாமான் கிடையாது, போ என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாராம். அதற்கு அப்புறம் அவர் இறங்குவதே இல்லை. நான்தான் எங்கள் பக்கத்துச் சுவர் ஓரமாக நின்று சைகையில் பேசி, தினமும் இரண்டு பால் பாக்கெட், உருளைக்கிழங்கு, தக்காளி வாங்கிக் கொடுக்கிறேன். அந்த அம்மா மாடி வராந்தாவில் இருந்து ஒரு நீல பிளாஸ்டிக் வாளியைக் கயிற்றில் கட்டி இறக்குவார், காசு அதிலேயே ஒரு கவரில் இருக்கும். வாளி மேலே போனதும் பால் பாக்கெட்டை உள்ளே எடுத்துப் போக மாட்டார். வராந்தாவிலேயே சோப்புத் தண்ணீரில் ஒரு முறை, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, துணியில் துடைத்து, அப்புறம்தான் உள்ளே. தக்காளியை ஒவ்வொன்றாகக் கழுவுவார். அந்தப் பையன் ஜன்னலுக்கு உள்ளே மாஸ்க் போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஒரு நாள் பிள்ளைகள் பாவம் என்று தயிர் சாதம் பிசைந்து டப்பாவில் வைத்து அனுப்பினேன். அந்த அம்மா திறந்து பார்த்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, அப்படியே திருப்பி இறக்கிவிட்டார். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. எதிர் வீட்டில் இதைப் பார்த்துவிட்டு, நாம் தொட்டதைச் சாப்பிட மாட்டார்கள், இவர்களுக்குப் போய் ஓடி ஓடிச் செய்கிறாய் என்று ஒரே பேச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை தெருவில் நாலைந்து பேர் எங்கள் கேட்டில் வந்து நின்றார்கள். இனிமேல் வாளி இறங்கக் கூடாது, வெளியூர்க்காரர்களால் யாருக்காவது வந்துவிட்டால் தெருவையே அடைத்துவிடுவார்கள், அதற்கு நீதான் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாளில் இருந்து தண்ணீர் கேன் போடும் தம்பி எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு, மாமியாருக்கு 74 வயது. நமக்கு ஏன் வம்பு என்கிறார் அவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் கேட்பது இதுதான். வாளியால் எங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே ஆபத்து உண்டா? லாட்ஜில் இருந்து அவர்களைக் காலி செய்யச் சொல்ல முடியுமா? அவர்கள் ஊருக்குப் போக ஏதாவது வழி இருக்கிறதா? பையனின் மாத்திரை இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் இருக்கிறது என்று விரலை மடக்கிக் காட்டினார் அந்த அம்மா. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இரவுப்பணி
2020 ஏப்ரல் 23, காலை 8:05

அக்கா, நைட் டியூட்டி முடித்து வந்து இதைப் படித்தேன், படுக்கப் போக மனசு வரவில்லை. நான் நர்ஸ். எங்கே என்பது வேண்டாம்.

முதலில் அந்தத் தயிர் விஷயம். தயிரில் உயிருள்ள கிருமி இருக்கிறது, அதனால்தான் பால் தயிராகிறது. நமக்கு அது நல்லது. மஜ்ஜை மாற்றிய பிள்ளைக்கு அப்படியில்லை. பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்து முழுக்க அழித்துவிட்டுத்தான் புது மஜ்ஜையை ஏற்றுவார்கள், அது வேர் பிடித்து எதிர்ப்புச் சக்தி திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தயிர், பச்சைக் காய், வெளியில் வெட்டிய பழம், ஆறிப்போன சாப்பாடு எதுவும் ஆகாது என்று சொல்லிச் சொல்லித்தான் வார்டில் இருந்து அனுப்புவோம். தண்ணீர்கூடக் கொதிக்க வைத்துத்தான். அந்த அம்மா உங்கள் கையைத் தட்டிவிடவில்லை அக்கா, பிள்ளையைக் காப்பாற்றுகிறார். எதிர் வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள், சத்தமாகவே சொல்லுங்கள்.

அடுத்தது ஆபத்து. கொரோனா உடம்பில் நுழைந்தால் இரண்டு நாளில் இருந்து 14 நாளுக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும், பலருக்கு ஐந்தாறு நாளிலேயே. அதனால்தான் தனிமைப்படுத்துவதற்கு 14 நாள் என்று வைத்திருக்கிறார்கள். இந்தக் குடும்பம் டிசம்பரில் இருந்து வேலூரில் இருக்கிறது. ரயில் நின்று ஒரு மாதம் ஆகிவிட்டது, அறையை விட்டு இறங்கியே வாரக்கணக்கு ஆகிறது. தினமும் காலையில் மார்க்கெட், ரேஷன் கடை, மருந்துக் கடை என்று போய் வருகிறவர்கள் யார்? உங்கள் தெருக்காரர்கள். அவர்களிடம் இருந்து அந்தப் பிள்ளைக்குப் போக வழி உண்டு, அங்கிருந்து இங்கே வருவதற்கு வழி எங்கே இருக்கிறது? அந்த வாளிதான் இருப்பதிலேயே பத்திரமான ஏற்பாடு. ஆளுக்கு ஆள் பத்தடி தள்ளி, கை படாமல், திறந்த வெளியில். சோப்பு அந்த வைரஸின் மேலே இருக்கும் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும், அதனால் அவர் பாக்கெட்டைக் கழுவுவதும் சரி. நீங்களும் காசுக் கவரைத் தொட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், அது போதும். உங்கள் வீட்டில் யாருக்காவது சளி, இருமல் வந்தால் மட்டும் அன்றைக்கு வேறு யாரையாவது வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

மாத்திரை விஷயத்தில்தான் எனக்குப் பயம். அது அநேகமாக சைக்ளோஸ்போரினாக இருக்கும். அதைப் பாதியில் நிறுத்தினால் புது மஜ்ஜை அந்தப் பிள்ளையின் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்க ஆரம்பிக்கும், தோல், குடல், கல்லீரல் என்று. டிஸ்சார்ஜ் சீட்டில் வார்டு எண் இருக்கும். இன்றைக்கே போன் செய்யச் சொல்லுங்கள், இரண்டு வாரம் இருக்கிறதே என்று விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, கேட்காமலே சொல்கிறேன். நான் இருக்கும் வாடகை வீட்டில் போன வாரம் வீட்டுக்கார அம்மா, நீ பின்பக்கப் படியால் வந்து போ, முன்பக்கம் குழந்தைகள் விளையாடும் என்றார். ஆறு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். அவருடைய முதல் பேரன் பிறந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோவில் கூடப் போனது நான்தான். சரி என்று பின்பக்கமாகத்தான் போய் வருகிறேன். நேற்றுதான் மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஏழு வருடம் வரை சிறை என்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. பின்பக்கப் படிக்குச் சட்டம் கிடையாது.


சத்துவாச்சாரி எஸ்
2020 ஏப்ரல் 23, காலை 10:30

எல்லோரும் அந்தத் தெருக்காரர்களை மனசாட்சி இல்லாதவர்கள் மாதிரி பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் இந்தப் பக்கமும் பாருங்கள். என் அம்மாவுக்கு 78 வயது, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வீட்டு வாசலில் யாராவது தும்மினால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இந்த ஒரு மாதத்தில் நான் நிம்மதியாகத் தூங்கிய ராத்திரியை எண்ணிவிடலாம்.

நர்ஸ் அம்மா சொல்வது அந்த ஒரு குடும்பத்துக்குச் சரி. அதே லாட்ஜில் மற்ற அறைகளில் யார் யார் இருக்கிறார்கள், எப்போது வந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஒரு மாடிக்கு ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். ஒருவருக்கு வந்தால் மொத்த மாடிக்கும் வரும். வேலூர் இப்போது அரசுப் பட்டியலில் தொற்று அதிகமுள்ள மாவட்டம். தெருவை அடைத்தால் கூலிக்குப் போகிறவன் 28 நாள் எதைச் சாப்பிடுவான்? பயம் என்பது ஒரு குற்றமா?

என்னைக் கேட்டால் அவர்களை எல்லாம் ஒரு கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ வைத்து அரசாங்கம் சாப்பாடு போட வேண்டும். அது அவர்களுக்கும் நல்லது. ஒரு வீட்டுப் பெண்மணி வாளியில் பால் கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய நிலைமையை ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.


இரவுப்பணி
2020 ஏப்ரல் 23, காலை 10:52

அண்ணா, உங்கள் அம்மாவை நினைத்து நீங்கள் பயப்படுவது நியாயம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் மஜ்ஜை மாற்றிய பிள்ளையை நூறு பேர் படுத்திருக்கும் மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தால் அது பிழைக்காது. அந்தப் பிள்ளையும் உங்கள் அம்மா மாதிரிதான். இரண்டு பேரும் யாரிடம் இருந்தும் எதுவும் ஒட்டிக்கொள்ளக் கூடாதவர்கள்.


22 ரூம்
2020 ஏப்ரல் 23, பிற்பகல் 2:15

நான் ஒரு லாட்ஜில் மேனேஜர், 14 வருடமாக. நீங்கள் சொல்லும் லாட்ஜ் இல்லை, வேறு தெரு. பெயரில் இருக்கிற மாதிரி 22 ரூம், அதில் இன்றைக்கு 17இல் ஆள் இருக்கிறார்கள். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, பங்களாதேஷ் குடும்பம் இரண்டு. சத்துவாச்சாரி சார் கேட்டாரே, யார் எப்போது வந்தது யாருக்குத் தெரியும் என்று. எங்களுக்குத் தெரியும் சார். ஒவ்வொருவருடைய அடையாள அட்டை நகலும் வந்த தேதியும் ரெஜிஸ்டரில் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர் என்றால் அதற்குத் தனிப் படிவம் அரசுக்குப் போகிறது. மார்ச் 22க்கு அப்புறம் ஒரு புது ஆள்கூட என் ரெஜிஸ்டரில் இல்லை. எப்படி இருக்கும், வண்டியே இல்லையே.

எங்கள் ரூம் வாடகை நாள் ஒன்றுக்கு 350. ஏப்ரல் ஒன்றில் இருந்து முதலாளி பாதிதான் வாங்கச் சொன்னார். இல்லாதவர்களிடம் எழுதி வைத்துக்கொள் என்றார், எழுதி வைத்திருக்கிறேன். எல்லா முதலாளியும் அப்படி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். காலி செய்யச் சொல்லலாமா என்று கேட்டீர்கள் அக்கா. மார்ச் 29ஆம் தேதி மத்திய உள்துறை போட்ட உத்தரவில் தொழிலாளர்களையும் மாணவர்களையும் வாடகைக்காகக் காலி செய்யச் சொன்னால் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி நடவடிக்கை என்று இருக்கிறது. நோயாளி என்ற வார்த்தை அதில் நான் பார்க்கவில்லை. சிக்கலே இதுதான். தொழிலாளி என்று ஒரு பட்டியல் எடுத்து அவர்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்கிறார்கள். வைத்தியத்துக்கு வந்தவன் தொழிலாளியும் இல்லை, ரேஷன் கார்டும் இல்லை. என் ரூம்காரர்களுக்காக நான் மூன்று முறை நடந்த பிறகுதான் ஒரு மூட்டை அரிசி வந்தது. ஆனாலும் இந்த ஊரடங்கில் அவர்களை வெளியே தள்ளினால் போலீஸில் புகார் கொடுக்கலாம், கொடுங்கள். எங்கே போவார்கள் என்ற ஒரு கேள்விக்கு எந்த லாட்ஜ் முதலாளியாலும் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் யார் வீட்டு அடுப்பு இவர்களால் எரியவில்லை, சொல்லுங்கள். மாடியில் ஒரு ரூம் போட்டு வாடகைக்கு விட்டவர்கள், பாத்திரமும் அடுப்பும் நாள் வாடகைக்குக் கொடுப்பவர்கள், கடுகெண்ணெயும் பர்வலும் வாங்கி வைத்து விற்கும் காய்கறிக்காரர்கள், மீன் குழம்பும் சோறும் போடும் மெஸ், மருந்துக் கடை, செல்போன் கடை, ஹிந்தியும் பெங்காலியும் பேசக் கற்றுக்கொண்ட ஆட்டோக்காரர்கள். போர்டுகளைப் பாருங்கள், எத்தனை கடையில் பெங்காலி எழுத்து இருக்கிறது. தன்பாத்–ஆலப்புழா வண்டி காட்பாடிக்கு வரும் நேரத்தில் இதே ஆட்டோக்காரர்கள் ஸ்டேஷன் வாசலில் தாதா, தீதி என்று கூப்பிட்டுப் பையைப் பிடுங்காத குறை. தாதா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா. போன மாதம் வரை அண்ணனும் அக்காவுமாக இருந்தவர்கள் இந்த மாதம் யாரோ வெளியூர்க்காரர்களாம். நான் இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். என் பிள்ளைகளை இந்த வருமானத்தில்தான் படிக்க வைக்கிறேன்.


பாலாற்றங்கரை
2020 ஏப்ரல் 24, காலை 6:20

எனக்கு 71 வயது. மகள்தான் தட்டச்சு செய்து தருகிறாள். 22 ரூம் தம்பி எழுதியதைப் படித்ததும் என் நைனா நினைவு வந்தது.

நைனா கரிகிரியில் வேலை பார்த்தார், 1955இல் ஆரம்பித்த தொழுநோய் ஆஸ்பத்திரி. அவர் இருந்தது செருப்பு தைக்கும் பிரிவில். அந்த நோயாளிகளுக்குக் காலில் உணர்ச்சி இருக்காது, முள் குத்தினாலும் கல் கிழித்தாலும் தெரியாது, அப்படியே புண்ணாகி விரலே போய்விடும். அதற்காக மெத்தென்ற ரப்பரில் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக அளவெடுத்துத் தைப்பார்கள். நைனா கீழே உட்கார்ந்து அவர்கள் பாதத்தைத் தன் மடியில் வைத்து, காகிதத்தில் பென்சிலால் சுற்றி வரைவார். நான் பள்ளிக்கூட லீவில் போய்ப் பார்த்திருக்கிறேன். இங்கே வேலூரில் பால் பிராண்ட் என்ற டாக்டர் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக்கொண்டிருந்த காலம் அது. அவர் 1946இல் இந்த ஊருக்கு வந்தவர்.

அப்போது பெருவியாதிக்காரன் என்றால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். நைனாவிடம் செருப்பு வாங்கிக்கொண்டு அதே புதுச் செருப்போடு மைல் கணக்கில் நடந்தே போவார்கள். நைனா நோயாளிகளைத் தொடுகிறவர் என்பதற்காக எங்கள் தெருக் கிணற்றில் எங்கள் அம்மாவின் குடத்தைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். அம்மா அழுதது இல்லை. மற்றவர்கள் எல்லோரும் இறைத்து முடிக்கும் வரை கிணற்றடியில் நிற்பார், நானும் கூட நிற்பேன், பள்ளிக்கூட மணி அடித்துவிடும்.

கொரோனா அது மாதிரி இல்லை, வேகமாகப் பரவும், அதெல்லாம் எனக்கும் தெரியும். நான் வாசலைத் தாண்டுவதில்லை. ஆனால் மல்லிகைப்பந்தல் வீட்டுக்குத் தண்ணீர் கேன் வரவில்லை என்று படித்ததும் அந்தக் கிணற்றடிதான் கண்ணில் நின்றது. அம்மா, உன் வீடு எங்கே என்று தனியாகத் தகவல் அனுப்பு. என் பேரன் தோட்டப்பாளையத்தில் கேன் போடுகிறான், தினமும் கொண்டு வந்து வைப்பான்.


மல்லிகைப்பந்தல்
2020 ஏப்ரல் 24, இரவு 8:50

ஐயா, என்ன சொல்வது என்று தெரியவில்லை. இன்று காலை இரண்டு கேன் வந்துவிட்டது. உங்கள் பேரன் காசு வாங்க மாட்டேன் என்றான், நான் விடவில்லை.

நர்ஸ் தங்கச்சி சொன்ன மாதிரி பையன் வீட்டில் இருந்து வார்டுக்குப் போன் செய்தார்கள், ஒரு மாதத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர்தான் சீட்டை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தார். நானாகக் கேட்கவில்லை. நான் உங்கள் பதிலை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், அவ்வளவுதான். தயிர் விஷயத்தை எதிர் வீட்டு அக்காவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார்.


கஸ்பா பையன்
2020 ஏப்ரல் 26, மாலை 5:10

எங்கள் தெரு இந்த மாதம் ஆரம்பத்திலேயே அடைக்கப்பட்டது. தடுப்புக் கட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, வாசலில் போலீஸ். தெருவை அடைத்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களுக்கு, உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கஷ்டம்தான், ஆனால் பட்டினி கிடக்கவில்லை. மாநகராட்சி வண்டியில் காய் வந்தது, காசு கொடுத்து வாங்கிக்கொண்டோம். வலித்தது வேறு. 11 வருடமாக எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அண்ணன் தடுப்புக்கு அந்தப் பக்கம்கூட வரவில்லை. டெல்லியில் நடந்த ஒரு மாநாட்டைப் பற்றி டிவியில் ராத்திரி பகலாகப் பேசிப் பேசி, எங்கள் பெயரைக் கேட்டாலே ஜனங்கள் ஓரடி தள்ளி நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தெருவில் யாரும் அந்த மாநாட்டுக்குப் போகவில்லை.

நேற்று நோன்பு ஆரம்பித்தது. இந்த வருடம் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சக் கூடாது என்பதால் அரசு கொடுக்கும் அரிசியை வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிறோம். எங்கள் பங்கில் கொஞ்சம் ஒதுக்க முடியும். ஜார்க்கண்ட் பிள்ளைக்கு ஆறின சாப்பாடு ஆகாது என்று படித்தேன், அதனால் பச்சை அரிசியாகவே கொடுத்துவிடுகிறோம். 22 ரூம் அண்ணா, உங்கள் லாட்ஜுக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள்.


குடியாத்தத்தான்
2020 ஏப்ரல் 28, காலை 9:00

இந்த இழையோடு சேர்ந்ததுதான், அதனால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் இருந்து பலமநேர் போகும் ரோட்டில் சைனகுண்டா எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே ஹாலோ பிளாக் வைத்துச் சுவரே கட்டிவிட்டார்கள். பொன்னை பக்கமும் அப்படியே. ஆந்திராவில் இருந்து வண்டி வரக் கூடாதாம். சித்தூர் பக்கத்து ஜனங்களுக்கு அவசரம் என்றால் வேலூர்தான் ஆஸ்பத்திரி, பிரசவமோ மாரடைப்போ அந்தச் சுவரில் வந்து நின்று என்ன செய்வது? எனக்கு அங்கே சொந்தமே இருக்கிறது, பெண் கொடுத்து எடுத்திருக்கிறோம். அந்தப் பக்கம் இருந்து எதிர்ப்பு வந்ததும் இடிக்கச் சொல்லிவிட்டார்களாம். நல்லது. ஆனால் கட்டலாம் என்று ஒருவருக்குத் தோன்றி, சிமென்ட் கலந்து, கட்டியும் முடித்தார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. தடுப்புக் கம்பம் போட்டால் ஆம்புலன்ஸ் வந்ததும் தூக்கலாம். சுவரை எப்படித் தூக்குவது?


காட்பாடி ஜங்ஷன்
2020 மே 2, காலை 7:30

முக்கியத் தகவல். ஊரடங்கில் சிக்கியவர்களை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பலாம் என்று ஏப்ரல் 29ஆம் தேதி உத்தரவு வந்தது. நேற்று சிறப்பு ரயிலுக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். தொழிலாளர்களுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், சிக்கிக்கொண்ட மற்றவர்களும் போகலாம். ஸ்டேஷனுக்கு நேராகப் போனால் டிக்கெட் கிடையாது. முதலில் அரசு இணையதளத்தில் பெயர் பதிவு செய்ய வேண்டும், இரண்டு மாநிலமும் பேசிப் பட்டியல் போட்டு, பட்டியலில் இருப்பவர்களைத்தான் பஸ்ஸில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டு வருவார்கள். லாட்ஜில் இருப்பவர்களுக்குத் தமிழ், ஆங்கிலம் வராது என்பதால் பக்கத்தில் இருப்பவர்கள் உட்கார்ந்து பதிவு செய்து கொடுங்கள். ஆதார் எண், போன் எண், எத்தனை பேர், போய் இறங்கும் மாவட்டம். நோயாளி என்றால் அதையும் எழுதுங்கள், கீழ்ப் படுக்கை கேட்க உதவும்.


22 ரூம்
2020 மே 2, பிற்பகல் 1:05

நன்றி தம்பி. என் 17 ரூமுக்கும் இன்று பதிவு செய்துவிட்டேன். பங்களாதேஷ் குடும்பங்களுக்கு மட்டும் வழி தெரியவில்லை, தூதரகத்துக்கு எழுதியிருக்கிறோம்.


மல்லிகைப்பந்தல்
2020 மே 7, காலை 11:20

போய்விட்டார்கள். நேற்று ராத்திரி காட்பாடியில் இருந்து ஜார்க்கண்டுக்கு ஒரு வண்டி கிளம்பியது, ஆயிரம் பேருக்கு மேல் என்கிறார்கள், அதில் இவர்களுக்கும் இடம் கிடைத்தது. முந்தாநாள் போன் வந்ததும் அந்த அம்மா வராந்தாவில் நின்று என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது.

நேற்று மத்தியானம் பஸ் வந்து தெரு முனையில் நின்றது. முதல் முறையாக அவர்களைக் கீழே, முழுசாகப் பார்த்தேன். பையன் நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தான், தலையில் முடி இப்போதுதான் முளைத்து வருகிறது. இரண்டு மாஸ்க், ஒன்றின் மேல் ஒன்று. அக்காக்காரி அவன் கையைப் பிடிக்காமல் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், கையைத் தொடக் கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. வழிக்கு நான் ஒன்றும் சமைத்துக் கொடுக்கவில்லை. நர்ஸ் தங்கச்சியிடம் கேட்டு, சீல் பிரிக்காத பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் வாங்கி வைத்தேன். ஒரு சின்ன மின்சாரக் கெட்டில் என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தார், ரயிலில் பிளக் வேலை செய்தால் தண்ணீர் காய்ச்சிக்கொள்ளலாம் என்று.

எதிர் வீட்டு அக்கா வாசலிலேயே நின்றார். பஸ் ஏறும்போது அந்த அம்மா தெருவைப் பார்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். அக்காவும் கையைத் தூக்கினார்.

இன்று காலை சுவர் ஓரமாகப் போனேன். நீல வாளி எங்கள் பக்கம் சுவரின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறது, கழுவி, கயிறைச் சுற்றி முடிந்து. அடியில் ஒரு கவரில் 46 ரூபாய். எதற்கு என்று முதலில் புரியவில்லை, அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கடைசி நாள் பால் காசு.


சத்துவாச்சாரி எஸ்
2020 மே 7, பிற்பகல் 12:10

போய்ச் சேர்ந்ததும் பையன் எப்படி இருக்கிறான் என்று எழுதுங்கள். வண்டியில் அவ்வளவு பேருக்கு நடுவில் அந்தப் பிள்ளை எப்படிப் போகும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. ராத்திரி அம்மாவிடம்கூடச் சொன்னேன், அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் வைக்கச் சொன்னது அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். அரசாங்கம் இவர்களை ஆரம்பத்திலேயே கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.


இரவுப்பணி
2020 மே 7, மாலை 4:45

அதில் நானும் உங்களோடுதான் அண்ணா.

அக்கா, ஊருக்குப் போனதும் 14 நாள் தனியாக வைப்பார்கள். பையனின் சீட்டை அங்கே இருக்கும் டாக்டரிடம் முதல் நாளே காட்டச் சொல்லுங்கள். காய்ச்சல் 100ஐத் தாண்டினால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. இதை ஹிந்தியில் ஒரு குரல் பதிவாகப் பேசி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன், அப்படியே அவர்களுக்குத் தட்டிவிடுங்கள்.


மல்லிகைப்பந்தல்
2020 மே 8, இரவு 10:15

அனுப்பிவிட்டேன், கேட்டுவிட்டேன் என்று பதிலும் வந்தது. ஊர் பக்கம் போய் இறங்கிவிட்டார்களாம், நாலு பேருக்கும் காய்ச்சல் பார்த்து, மாவட்டப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பையன் வழி முழுக்க ஜன்னல் ஓரம்தானாம்.

அதே லாட்ஜில் கீழ் மாடியில் அசாமில் இருந்து வந்த ஒரு பெரியவரும் அவர் மகனும் இருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. பெரியவருக்கு வாயில் புற்றுநோய், கதிர்வீச்சு முடிந்திருக்கிறது, கஞ்சி மாதிரிதான் எதுவும் இறங்கும். இவ்வளவு நாள் பிஸ்கட்டைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான் அந்த மகன். சுவருக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறார்கள், எனக்குத் தெரியவே இல்லை. நாளையில் இருந்து வாளி கீழ் மாடிக்கு. அசாமுக்கு எப்போது வண்டி என்று யாருக்காவது தெரிந்தால் இங்கே எழுதுங்கள், பதிவு செய்துவிட்டேன்.